கரண்டிக் காம்பில் ஐந்து சாட்சிகள்
(பழைய ஆங்கிலேய வெள்ளிக் கரண்டிகளின் முத்திரையைப் படித்துக் காலம் காணும் முறை)

‘இது எத்தனை வெள்ளி?’ என்று நம் நாட்டில் ஒருவர் கேட்டால் அவர் விலையைத்தான் கேட்கிறார். தாளில் ரிங்கிட் என்று அச்சிட்டிருந்தாலும் சந்தையில் நம்மவர் வாயில் வருவது வெள்ளிதான். சிங்கப்பூரிலும் இதே கதைதான். காசு வெள்ளியால் ஆன காலம் போய்விட்டது. சொல் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. ஆங்கிலேயரும் இதற்கு விதிவிலக்கல்லர். அவர்களுடைய பணத்தின் பெயர் பவுண்டு ஸ்டெர்லிங். அவர்களுடைய தரமான வெள்ளியின் பெயரும் ஸ்டெர்லிங். ஒரே உலோகம் இன்று காசாகவும் நாளை கரண்டியாகவும் உருமாறிய காலத்தில், கரண்டி செய்பவர் வெள்ளியில் செம்பைக் கூட்டிக் கலந்தால் அது கள்ளக் காசு அடிப்பதற்கு அடுத்த குற்றமாகவே பார்க்கப்பட்டது. எனவேதான் ஒரு சின்னக் கரண்டியின் காம்பு வரைக்கும் அரசாங்கத்தின் கை நீண்டது.

அந்தக் கை பதித்த தடயங்களே முத்திரைகள். நகைக் கடையில் சங்கிலியின் கொக்கியைத் திருப்பி 916 என்ற எண் இருக்கிறதா என்று நம் அம்மாமார் பார்ப்பதை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் என்பது அதன் பொருள். அதைப் போலவே, ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி இருந்தால் அது ஸ்டெர்லிங். மீதி 75 பங்கு பெரும்பாலும் செம்பு. தனி வெள்ளி மென்மையானது. கரண்டியாக்கினால் வளைந்துவிடும் என்பதால்தான் இந்தக் கலப்பு. ஆனால் பழைய ஆங்கிலேயக் கரண்டியில் 925 என்ற எண்ணைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அங்கே இருப்பவை சிங்கம், சிறுத்தைத் தலை, நங்கூரம், ஓர் எழுத்து, ஓர் அரசரின் தலை. இவற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டால், கையில் இருப்பது எந்த ஊரில், எந்த ஆண்டில், யாருடைய பொறுப்பில் செய்யப்பட்டது என்பதைச் சொல்லிவிடலாம். அதைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. முத்திரை ஏன் பிறந்தது?

பொன்னையும் வெள்ளியையும் உரைகல்லில் தேய்த்து மாற்றுப் பார்ப்பது நம் தட்டார்களின் பழைய வழக்கம். மாற்றுப் பார்க்கத் தெரிந்தவருக்குப் பயமில்லை. தெரியாதவர் என்ன செய்வார்? வாங்குபவர் எல்லாரும் உரைகல்லைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடக்க முடியாது. விற்பவர், வாங்குபவர் இருவரையும் சாராத மூன்றாம் ஆள் ஒருவர் சோதித்து, சோதித்ததற்கு அடையாளமும் இட வேண்டும். இதுதான் முத்திரை முறையின் அடிப்படை.

இங்கிலாந்தில் 1300ஆம் ஆண்டு முதலாம் எட்வர்ட் மன்னர் இட்ட சட்டம், வெள்ளிப் பொருள் ஸ்டெர்லிங் தரத்துக்குக் குறையக் கூடாது என்றும், சோதித்த பிறகு சிறுத்தைத் தலை முத்திரை பதிக்க வேண்டும் என்றும் கூறியது. தவறு கண்டால் யாரைப் பிடிப்பது என்ற கேள்வி அடுத்து எழுந்தது. ஆகவே 1363இல் ஒவ்வொரு கொல்லரும் தமக்கென்று ஓர் அடையாளம் பதிக்க வேண்டும் என்று விதித்தார்கள். சரி, சோதிக்கும் ஆளே தவறு செய்தால்? அதற்கும் 1478இல் வழி கண்டார்கள். அந்த ஆண்டு முதல் லண்டனில் ஆண்டுக்கு ஓர் எழுத்து பதிக்கப்பட்டது. பிற்காலத்தில் தரக்குறைவான பொருள் அகப்பட்டால், அந்த எழுத்தை வைத்து அது எந்த ஆண்டு சோதிக்கப்பட்டது, அப்போது பொறுப்பில் இருந்தவர் யார் என்று கண்டுபிடித்துவிடலாம்.

இதை நாம் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு நாம் காலம் கணிக்க வேண்டும் என்பதற்காக யாரும் அந்த எழுத்தைப் பதிக்கவில்லை. அது பொறுப்பைப் பிடித்து வைப்பதற்கான ஏற்பாடு. காலம் நமக்குக் கிடைத்தது அதன் உபரிப் பயன்தான். அக்காலத்தில் கொல்லர்கள் தங்கள் பொருளை லண்டனில் உள்ள பொற்கொல்லர் மண்டபத்துக்குக் கொண்டுவந்து சோதிக்க வேண்டியிருந்தது. மண்டபத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஹால்’, குறிக்கு ‘மார்க்’. இன்று நாம் நகைக் கடையில் கேட்கும் ‘ஹால்மார்க்’ என்ற சொல் அங்கே பிறந்ததுதான்.

2. ஐந்து முத்திரைகளும் ஐந்து கேள்விகளும்

ஒவ்வொரு முத்திரையும் ஒரு கேள்விக்கு விடை. அவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

அ) தரம் என்ன? நடக்கும் சிங்கம்தான் இதற்கு விடை. 1544 முதல் லண்டனில் இம்முத்திரை பதிக்கப்படுகிறது. வலக்கால் தூக்கி இடப்பக்கம் நோக்கி நடக்கும் சிங்கத்தைக் கண்டால் அது ஆங்கிலேய ஸ்டெர்லிங் வெள்ளி. இடையில் ஒரு மாற்றம் நடந்தது. நாணயங்களின் ஓரத்தை வெட்டியும் நாணயத்தையே உருக்கியும் பாத்திரம் செய்வது பெருகியதால், 1697இல் பாத்திரங்களுக்கான தரத்தை ஆயிரத்துக்கு 958 பங்காக உயர்த்தினார்கள். அப்போது சிங்கத்துக்குப் பதிலாக அமர்ந்திருக்கும் பிரிட்டானியா என்ற பெண் உருவம் வந்தது. 1720இல் ஸ்டெர்லிங் தரம் திரும்பி வந்தது. பிரிட்டானியா தரம் அதன்பிறகு விருப்பப்பட்டவர்கள் பின்பற்றுவதாக நின்றது.

ஆ) எந்த ஊர்? லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்காமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்குக் கிரீடம், எடின்பரோவுக்குக் கோட்டை. கடல் இல்லாத பர்மிங்காமுக்கு நங்கூரம் எப்படி வந்தது என்று கேட்கலாம். தங்கள் ஊரில் சோதனை நிலையம் இல்லாததால், செய்த பொருளைத் தொலைவிலுள்ள செஸ்டர் நகருக்கு அனுப்பி முத்திரை பெற வேண்டியிருந்தது. இதை எதிர்த்து மேத்யூ போல்டன் என்ற தொழிலதிபர் முன்னின்று வாதாட, 1773இல் பர்மிங்காமும் ஷெஃபீல்டும் ஒருசேர உரிமை பெற்றன. அந்த முயற்சியின்போது அவர்கள் கூடிய லண்டன் விடுதியின் பெயர் ‘கிரீடமும் நங்கூரமும்’ என்றும், ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள் என்றும் ஒரு கதை வழங்குகிறது. ஷெஃபீல்டு 1975 முதல் கிரீடத்தை விட்டு ரோஜாவுக்கு மாறியது. செஸ்டர், எக்ஸிட்டர், நியூகாசில், கிளாஸ்கோ ஆகிய நகரங்களின் நிலையங்கள் மூடப்பட்டுவிட்டாலும் அவற்றின் முத்திரைகள் பழைய கரண்டிகளில் இருக்கவே செய்கின்றன.

இ) எந்த ஆண்டு? ஆண்டெழுத்து. இதைத் தனியே பார்ப்போம்.

ஈ) வரி கட்டியாயிற்றா? 1784 டிசம்பர் முதல் வெள்ளிக்கு வரி விதித்து, கட்டியதற்கு அடையாளமாக ஆளும் மன்னரின் தலையைப் பதித்தார்கள். 1890இல் இந்த வரி நீக்கப்பட்டது. தலை இருந்தால் அந்தப் பொருள் 1784க்கும் 1890க்கும் இடைப்பட்டது என்று உடனே சொல்லிவிடலாம். முதல் ஒன்றரை ஆண்டு மட்டும் தலை உட்குழிந்து இடப்பக்கம் பார்க்கும். 1786க்குப் பிறகு புடைத்து நின்று வலப்பக்கம் பார்க்கும். விக்டோரியா அரசியின் தலை மீண்டும் இடப்பக்கம் பார்க்கும்.

உ) யார் பொறுப்பு? பெயரின் முதலெழுத்துகள் கொண்ட முத்திரை. செய்தவரின் முத்திரை என்று இதைச் சொல்வது வழக்கம். உண்மையில் சோதனைக்கு அனுப்பியவரின் முத்திரை என்பதே சரி. ஹெஸ்டர் பேட்மன் என்ற பெண்மணி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கணவர் இறந்த பிறகு 1761இல் ‘எச் பி’ என்ற எழுத்துகளைச் சாய்வெழுத்தில் தம் பெயரில் பதிவு செய்து, 1790 வரை பட்டறையை நடத்தினார். இன்று அவருடைய முத்திரை உள்ள கரண்டிக்குத் தனி மதிப்பு. ஆனால் ஒவ்வொரு கரண்டியையும் அவரே தட்டினார் என்று பொருளில்லை. மகன்களும் கூலியாட்களும் தட்டியதற்கு அவர் பெயர் கொடுத்துப் பொறுப்பேற்றார் என்பதே பொருள்.

தேநீர்க் கரண்டி போன்ற சிறியவற்றில் இடமில்லாததால் ஊர் முத்திரை விடுபட்டிருக்கலாம். ஐந்தும் இல்லையே என்று உடனே ஒதுக்கிவிடக் கூடாது.

3. எழுத்தை ஆண்டாக மாற்றுவது எப்படி?

லண்டனில் ஒரு சுற்றுக்கு 20 எழுத்துகள். ஏ முதல் யூ வரை செல்லும். நடுவில் ஜே வராது. யூ முடிந்ததும் எழுத்தின் உருவத்தை மாற்றி மறுபடி ஏ. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, கோதிக் எழுத்து என்று மாறி மாறி வரும். அண்மைய நூற்றாண்டுகளில் லண்டன் சுற்றுகள் 1776, 1796, 1816, 1836, 1856, 1876, 1896, 1916, 1936, 1956 ஆகிய ஆண்டுகளில் தொடங்கின. முன்பு லண்டனில் எழுத்து மே மாதத்தில் மாறியது. ஆகையால் ஓர் எழுத்து இரண்டு நாட்காட்டி ஆண்டுகளைத் தொட்டு நிற்கும். 1975 முதல்தான் எல்லா நிலையங்களிலும் ஜனவரி முதல் நாள் மாறத் தொடங்கியது. 1999 முதல் ஆண்டெழுத்து கட்டாயமில்லை.

ஒரு பயிற்சி செய்து பார்ப்போம். லண்டன் மேசைக் கரண்டி ஒன்றில் சாதாரண அச்சு வடிவில் சிறிய ‘கே’ எழுத்து இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையைப் பார்த்தால் 1745, 1785, 1825, 1905, 1965 என்று ஐந்து ஆண்டுகள் வருகின்றன! எழுத்தை மட்டும் நம்பினால் 220 ஆண்டு பிசகும். இங்கேதான் மற்ற முத்திரைகள் துணைக்கு வருகின்றன.

முதல் கேள்வி: மன்னர் தலை இருக்கிறதா? இருந்தால் 1785 அல்லது 1825. தலை உட்குழிந்து இடப்பக்கம் பார்த்தால் 1785. புடைத்து வலப்பக்கம் பார்த்தால் 1825.

இரண்டாவது கேள்வி: சிறுத்தைத் தலையில் கிரீடம் இருக்கிறதா? லண்டன் சிறுத்தை 1821 வரை கிரீடத்தோடும் அதன்பிறகு கிரீடமின்றியும் இருக்கும். அதே ஆண்டில் சிங்கமும் மாறியது. அதுவரை நம்மைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்த சிங்கம், பிறகு நேராகப் பார்த்து நடக்கத் தொடங்கியது. எனவே மன்னர் தலை இல்லை, சிறுத்தைக்குக் கிரீடம் இருக்கிறது என்றால் 1745. மன்னர் தலையும் இல்லை, கிரீடமும் இல்லை என்றால் 1905 அல்லது 1965. இந்த இரண்டையும் எழுத்தைச் சூழ்ந்த கட்டத்தின் வடிவத்தாலும் பொறுப்பாளர் முத்திரையாலும் பிரித்துவிடலாம்.

ஒரு சாட்சியை மட்டும் விசாரித்துத் தீர்ப்பு எழுதும் நீதிபதி இல்லை. கரண்டிக்கும் அதுவே நியாயம்.

ஊருக்கு ஊர் எழுத்துச் சுற்று வேறு என்பதையும் மறக்கக் கூடாது. பர்மிங்காமின் சுற்று 1773, 1798, 1824, 1849, 1875, 1900, 1925, 1950 என்று தொடங்கும். ஷெஃபீல்டிலோ 1824 வரை எழுத்துகள் அகர வரிசைப்படியே வரவில்லை. ஆகையால் முதலில் ஊர், பிறகு எழுத்து. இந்த வரிசை மாறினால் விடையும் மாறிவிடும்.

4. கரண்டியின் உடலும் பேசும்

முத்திரை தேய்ந்து போயிருந்தால் என்ன செய்வது? உருவத்தைப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய 1780 வரை முத்திரைகளைக் காம்பின் கீழ்ப்பகுதியில், குழிக்கு அருகில் பதித்தார்கள். முத்திரை பதித்த பிறகு காம்பைத் தட்டிச் சீராக்கியதால் அவை நசுங்கியும் நீண்டும் தெரியும். அதற்குப் பிறகு காம்பின் மேல் நுனிக்கு அருகில் பதிக்கத் தொடங்கினார்கள்.

காம்பின் நுனியையும் கவனிக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் புழங்கிய ஹனோவேரியன் வடிவத்தில் நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும். அக்காலத்தில் கரண்டியை மேசையில் கவிழ்த்து வைப்பது வழக்கம். ஆகவே குடும்பச் சின்னத்தை முதுகுப்புறத்தில் பொறித்தார்கள். 1760ஐ ஒட்டி வந்த ‘பழைய ஆங்கிலேய’ வடிவத்தில் நுனி கீழ்நோக்கி வளையும். கரண்டியை மல்லாத்தி வைத்தார்கள். சின்னமும் முன்புறத்துக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் பரவலான பிடில் வடிவத்தில் காம்பின் நுனி அகன்று, பிடில் வாத்தியத்தைப் போல் தோள் வைத்திருக்கும். முள்கரண்டியில் முதலில் மூன்று முள்தான். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு நான்கு முள் வழக்கமாயிற்று.

ஆனால் ஒன்று. பழைய வடிவங்களைப் பிற்காலத்தவர் மறுபடியும் செய்திருக்கிறார்கள், இன்றும் செய்கிறார்கள். வடிவம் ‘இதற்கு முன் இருக்க முடியாது’ என்று சொல்லும். ‘இதற்குப் பின் இருக்க முடியாது’ என்று சொல்லாது.

5. வெள்ளி போலிருக்கும் வெள்ளியல்லாதவை

மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்ற பழமொழி வெள்ளிக்கும் பொருந்தும். 1840இல் பர்மிங்காமைச் சேர்ந்த எல்கிங்டன் குடும்பத்தார் மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். அதன்பின் நடுத்தரக் குடும்பங்களின் மேசையிலும் வெள்ளி மின்னத் தொடங்கியது. இந்தக் கரண்டிகளில் ‘இ.பி.என்.எஸ்.’ என்ற நான்கு எழுத்துகளைக் காணலாம். நிக்கல் வெள்ளியின் மேல் மின்முலாம் என்பது அதன் விரிவு. நிக்கல் வெள்ளி என்ற பெயரில்தான் வெள்ளி உண்டு, பொருளில் இல்லை. அது செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றின் கலவை.

குழப்பம் எங்கே என்றால், முலாம் பூசியவர்கள் இந்த நான்கு எழுத்துகளையும் நான்கு தனிக் கட்டங்களுக்குள், கோதிக் எழுத்தில், அரச முத்திரையைப் போலவே பதித்தார்கள். ‘ஏ1’ என்ற முலாம் தரக் குறியும் உடன் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் உண்மையான ஹால்மார்க் போலவே தோன்றும். நடக்கும் சிங்கம் இல்லையென்றால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பல காலம் பயன்பட்ட முலாம் கரண்டியின் குழி முதுகில், மேசையில் உராயும் இடத்தில், மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கும்.

முலாம் கரண்டிக்கு ஆண்டெழுத்து பொதுவாக இல்லாவிட்டாலும் வேறு குறிப்புகள் உண்டு. வைர வடிவக் குறி இருந்தால் அதன் வடிவமைப்பு 1842க்கும் 1883க்கும் இடையில் பதிவு செய்யப்பட்டது. 1884 முதல் அதற்குப் பதிலாக எண் வந்தது. ‘இங்கிலாந்து’ என்று நாட்டின் பெயர் பதித்திருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிற்பட்டது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா விதித்த சட்டம் அதற்குக் காரணம்.

சிங்கம் இல்லாத எல்லாமே முலாம் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. அமெரிக்கக் கரண்டியில் ‘ஸ்டெர்லிங்’ என்ற சொல்லே இருக்கும். ஜெர்மன் கரண்டியில் 800 என்ற எண் இருக்கும். ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவில் அரசு சோதனை நிலையம் இல்லாததால், அங்கே செய்தவர்கள் தங்கள் பெயரையே பதித்தார்கள். 1849இல் சென்னையில் தொடங்கப்பட்ட பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் பெயர் பொறித்த வெள்ளிப் பொருள்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு லண்டன் அட்டவணை உதவாது.

6. பொய்ச் சாட்சிகள்

முத்திரைக்கு மதிப்பு இருக்கும் இடத்தில் பொய் முத்திரையும் இருக்கும். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கள்ள முத்திரைக்கு மரண தண்டனை வரை விதித்திருந்தும் அது நிற்கவில்லை. மூன்று வகை மோசடிகளைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஒன்று, ஒட்டு. சின்னப் பொருளிலிருந்து முத்திரைப் பகுதியை வெட்டியெடுத்துப் பெரிய பொருளில் பற்றவைத்துவிடுவது. முத்திரையின் மேல் வாயால் ஊதினால் படியும் ஆவியில் பற்றவைத்த கோடு தெரியும். அழித்த பெயரும் சின்னமும்கூட இப்படி ஊதும்போது வெளிப்படுவது உண்டு.

இரண்டு, வார்ப்பு. நல்ல கரண்டியை அச்சாக வைத்து முத்திரையோடு சேர்த்தே வார்த்துவிடுவது. அப்போது முத்திரையின் விளிம்பு மழுங்கி, பரப்பு மணல் மணலாகத் தெரியும். ஆறு கரண்டியிலும் முத்திரைகள் இம்மி பிசகாமல் ஒரே இடத்தில் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். கையால் ஒவ்வொன்றாக அடித்த முத்திரை அப்படி அமையாது.

மூன்று, உருமாற்றம். பழைய முள்கரண்டிகள் அரிது என்பதால் பழைய கரண்டியின் குழியைத் தட்டி, வெட்டி முள்ளாக்கிவிடுவார்கள். காம்பு முத்திரை 1740களைச் சொல்ல, நுனியில் நான்கு முள் மெல்லிதாக நின்றால் கவனமாக இருக்க வேண்டும். அதைப் போலவே 1770ஆம் ஆண்டுக்குரிய எழுத்தும் மன்னர் தலையும் ஒன்றாக இருந்தால் அந்த முத்திரை பொய். 1784க்கு முன் மன்னர் தலை கிடையாது.

இங்கும் விதி ஒன்றுதான். உண்மையான ஐந்து சாட்சிகள் ஒருவரை ஒருவர் மறுக்க மாட்டார்கள்.

7. தோட்டத்து வீட்டில் ஆறு கரண்டிகள்

இவையெல்லாம் லண்டன் ஏலக் கடைக்கு உரிய விஷயங்கள், நமக்கென்ன என்று எண்ண வேண்டியதில்லை. கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் என் கொள்ளுப்பாட்டி துரை பங்களாவில் வேலை செய்தவர். துரை குடும்பம் ஊருக்குத் திரும்பியபோது துரைசானி அவரிடம் கொடுத்துவிட்டுப் போன ஆறு கரண்டிகள் இன்றும் எங்கள் வீட்டில் ஒரு மைலோ டப்பாவில் இருக்கின்றன. அவை ‘ராணி காலத்துக் கரண்டி’ என்பதே வீட்டில் வழங்கும் பேச்சு. பெரியப்பா அதை விக்டோரியா ராணி என்றே சொல்லி வந்தார். கடந்த ஆண்டு வெள்ளி விலை ஏறியபோது ஆறையும் எடைக்குப் போட்டுவிடலாம் என்று எடுத்து வைத்தார்.

பூதக்கண்ணாடியில் பார்த்தபோது நான்கில் ‘இ.பி.என்.எஸ்.’ இருந்தது. அவற்றை எடைக்குப் போட்டு ஒன்றும் ஆகப் போவதில்லை. மீதி இரண்டு தேநீர்க் கரண்டிகளில் நடக்கும் சிங்கமும் நங்கூரமும் சிறிய ‘என்’ எழுத்தும் இருந்தன. மன்னர் தலை இல்லை. ஆகவே 1890க்குப் பிற்பட்டவை. பர்மிங்காமில் 1900இல் தொடங்கிய சிறிய எழுத்துச் சுற்றில், ஜே எழுத்தை விட்டு எண்ணினால் ‘என்’ 1912ஐக் குறிக்கும். விக்டோரியா 1901இலேயே காலமாகிவிட்டார். அப்படியானால் வீட்டுக் கதை பொய்யா?

பாட்டியிடம் கேட்டேன். துரைசானி கரண்டிகளைக் கொடுத்தது ராணிக்கு முடிசூட்டிய பிறகு, சுதந்திரத்துக்கு முன்பு என்றார். தோட்டத்தில் அதற்காகப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்ததும் அவருக்கு நினைவிருக்கிறது. எலிசபெத் ராணி முடிசூடியது 1953. நம் சுதந்திரம் 1957. பாட்டி சொன்ன ராணி வேறு. கேட்டவர்கள் நினைத்துக்கொண்ட ராணி வேறு. கரண்டி செய்யப்பட்ட ஆண்டை முத்திரை சொன்னது; கைமாறிய ஆண்டைப் பாட்டியின் வாய்மொழி சொன்னது. இரண்டும் முரண்படவில்லை. ஒன்றில்லாமல் மற்றொன்று அரைக் கதையாகவே நின்றிருக்கும்.

இடைநிலைப்பள்ளி வரலாற்றுப் பாடத்தில் ரப்பர் என்றால் ஏற்றுமதிக் கணக்கும் வரைபடமும்தான். அந்தக் கணக்கில் வராத பங்களாச் சமையற்கட்டு ஒன்று இருந்தது, அதில் நம் பெண்கள் நின்றார்கள் என்பதற்கு எங்கள் குடும்பத்தில் எஞ்சியிருப்பவை இந்தக் கரண்டிகளும் பாட்டியின் நினைவும்தான். கரண்டிகள் இப்போது எடைக்குப் போகவில்லை.

8. பார்ப்பவர் கடைப்பிடிக்க வேண்டியவை

1. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பூதக்கண்ணாடி ஒன்று போதும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழட்டும். முத்திரையின் பள்ளமும் மேடும் அப்போதுதான் தெரியும்.

2. முதலில் சிங்கம், அடுத்து ஊர், பிறகு மன்னர் தலை உண்டா இல்லையா, கடைசியில் எழுத்து. இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

3. முத்திரையைத் தேய்க்க வேண்டாம். வெள்ளிக் குத்துவிளக்கை விபூதி போட்டுத் தேய்ப்பது போல் கரண்டியையும் தேய்த்தால், இரண்டு நூற்றாண்டு தாங்கிய எழுத்து சில ஆண்டுகளில் மழுங்கிவிடும். மென்மையான சோப்பு நீரில் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

4. எடையை மட்டும் நம்ப வேண்டாம். பழைய மேசைக் கத்திகளின் வெள்ளிக் கைப்பிடிக்குள் பிசின் நிரப்பியிருப்பார்கள், அலகோ எஃகு.

5. கண்டதை உடனே எழுதி வையுங்கள். முத்திரையை வரைந்து, நாளும் குறித்து, அந்தப் பொருளைப் பற்றி வீட்டுப் பெரியவர் சொல்வதையும் அவர் சொன்ன சொல்லிலேயே பக்கத்தில் எழுதுங்கள்.

நிறைவாக

முத்திரை முறையை உருவாக்கியவர்கள் கொல்லரையும் முழுதாக நம்பவில்லை. சோதிப்பவரையும் முழுதாக நம்பவில்லை. அந்த அவநம்பிக்கையை வெறும் சண்டையாக விட்டுவிடாமல், ஒவ்வொருவரும் தம் பொறுப்பைப் பெயரோடும் ஆண்டோடும் பதிக்கும் முறையாக மாற்றினார்கள். அதனால்தான் பல நூற்றாண்டு கழித்தும் ஒரு கரண்டியைக் கையில் எடுத்து இது யார் பொறுப்பு என்று நம்மால் கேட்க முடிகிறது, விடையும் கிடைக்கிறது.

நம் குடும்பங்களில் இருக்கும் பழம்பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு இப்படி முத்திரை கிடையாது. உரல், குத்துவிளக்கு, பால்வாளி, ரப்பர் சீவும் உளி இவற்றில் எழுத்தும் இல்லை, சிங்கமும் இல்லை. அவற்றுக்குச் சாட்சி நம் பெரியவர்கள் மட்டுமே. வரும் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு குறிப்பேட்டையும் கொண்டு செல்லுங்கள். பழைய டப்பாவைத் திறந்து பாருங்கள். பக்கத்தில் பாட்டியையோ தாத்தாவையோ உட்கார வைத்துக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஆண்டோடு எழுதி வைத்தால் அந்தப் பொருளுக்கும் ஒரு முத்திரை பதிந்துவிடும்.